மோல்ற்சாற்றின் தன்னீர்ப்பு: வீட்டுப் பியர் ஆக்கத்தில் அளவையும் அறிவும்

ஒரு பொருளை அளப்பதே அதனை அறிவதற்கான முதற்படி என்பது விஞ்ஞானத்தின் பால பாடங்களுள் ஒன்றாகும். ஆயின் அளக்கும் கருவி எவர் கையில் இருக்கின்றது, அளந்து பெற்ற எண் எவருடைய ஏட்டிற் பதியப்படுகின்றது, எவருக்கு அது சொல்லப்படாது விடப்படுகின்றது என்னும் வினாக்கள் பௌதிகப் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. அவை சமூக வரலாற்றுக்கு உரியனவாகக் கருதப்பட்டு வேறோர் அலுமாரியில் வைக்கப்பட்டுவிடுகின்றன. இக்கட்டுரையில், வீட்டிற் பியர் ஆக்குவோர் பயன்படுத்தும் ஒரு சாண் நீளக் கண்ணாடிக் கருவியொன்றை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதையும், அது தரும் எண் பிரித்தானியாவில் எவ்வெவர் தேவைக்குப் பயன்பட்டது என்பதையும் ஒருங்கே நோக்க முற்படுகின்றோம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மதுப் பழக்கத்தை ஊக்குவிப்பது எமது நோக்கமன்று. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமின்றி மதுவகை ஆக்குதல் குற்றமாகும். வீட்டிற் பியர் ஆக்குதல் சட்டபூர்வமான பொழுதுபோக்காக வளர்ந்திருப்பது பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளிலேயே. எனவே எமது உதாரணங்கள் பெரும்பாலும் அந்நாடுகளைச் சார்ந்தனவாகவே அமையும். பியர் ஆக்கம் நொதித்தலோடு முடிவது. கசிப்பைப் போற் காய்ச்சி வடிப்பது அன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

1. மிதவையின் விதி

மிதக்கும் பொருளொன்று, தன் நிறைக்குச் சமமான நிறையுடைய திரவத்தை இடம்பெயர்க்கின்றது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்கிமிடீசின் பெயரால் வழங்கும் இத்தத்துவத்திலிருந்து ஓர் எளிய முடிவு பெறப்படும். அடர்த்தி கூடிய திரவத்தில் அதே நிறையை ஈடுசெய்யச் சிறிதளவு திரவத்தை இடம்பெயர்த்தாற் போதும். ஆகவே பொருள் குறைவாக அமிழும். அடர்த்தி குறைந்த திரவத்தில் அது ஆழமாக அமிழும். அமிழ்ந்த ஆழத்தைக் கொண்டு திரவத்தின் அடர்த்தியைச் சொல்லிவிடலாம். நீரமானி என நாம் வழங்கும் கருவியின் முழு இரகசியமும் இவ்வளவே.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைனீசியசு என்பார், அலெக்சாந்திரியாவின் கணித அறிஞையான ஹைப்பேசியாவுக்கு எழுதிய கடிதமொன்றில், அடியிற் பாரம் பொருத்தி உடலிற் கோடுகள் வெட்டப்பட்ட குழாய்க் கருவியொன்றைத் தமக்குச் செய்வித்துத் தருமாறு வேண்டுகின்றார். 1675 இல் றொபேட் பொயில் இத்தகைய கருவியொன்றை விவரித்தார். இன்றைய வடிவமும் இவற்றினின்று பெரிதும் வேறுபட்டதன்று. கீழே ஈயக் குண்டுகள் கொண்ட கண்ணாடிக் குமிழ். மேலே மெல்லிய தண்டு. தண்டினுள்ளே கடதாசியிற் பொறித்த அளவுகோல். தண்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கருவி நுண்ணுணர்வு உடையதாகும். அளவுகோலிற் சிறிய எண் மேலேயும் பெரிய எண் கீழேயும் இருப்பதைக் கண்டு புதியவர்கள் மயங்குவதுண்டு. அடர்த்தி குறைந்த திரவத்திலேயே தண்டின் மேற்பகுதிவரை அமிழும் என்பதை நினைத்தால் அம்மயக்கம் தீரும்.

கருவி வருமுன்பும் இவ்விதி கைத்தொழிலாளருக்குத் தெரியாததன்று. விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதர் நீக்குவோர், கரைசலின் செறிவை அறியக் கோழிமுட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பர். 1669 இல் வெளிவந்த கெனெல்ம் டிக்பியின் பாகநூலிலும், தேன்மதுவுக்கான கரைசலில் முட்டை எவ்வளவு வெளித்தெரிய மிதத்தல் வேண்டும் என்பது நாணயத்தின் அகலத்தாற் சுட்டப்பட்டுள்ளது. முட்டையும் ஒரு நீரமானியே. ஆயின் ஒரு முட்டை போல் இன்னொரு முட்டை இராது. ஒருவரது முடிவை மற்றவர் ஒப்பிட்டுப் பார்த்தல் இயலாது. அனுபவத்தை எண்ணாக மாற்றி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றத்தக்கதாக்கியதே கண்ணாடிக் கருவியின் சாதனை எனலாம்.

கருவி தரும் எண் தன்னீர்ப்பு எனப்படும். குறித்த கனவளவு திரவத்தின் நிறையை அதே கனவளவு நீரின் நிறையால் வகுத்துப் பெறும் விகிதம் இது. நீருக்கு 1.000. பொதுவான பியருக்குரிய சாறு 1.045 அளவில் இருக்கும். அதாவது ஒரு லீற்றர் நீர் 1000 கிராம் எனின் அச்சாறு 1045 கிராம். ஆங்கிலப் பியராக்குவோர் தசமப் புள்ளியை விடுத்து இதனை 1045 என்றே எழுதுவர்; நீரிலும் மிகையான 45 ஐப் 'புள்ளிகள்' என்பர். நாமும் வசதி கருதி அச்சொல்லையே கையாள்வோம்.

2. சாற்றிலே கரைந்திருப்பவை

பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்து, முளை முற்றுமுன் உலர்த்தி எடுப்பது மோல்ற். அதனை நொறுக்கி, 65 முதல் 68 பாகை செல்சியசு வெப்பநிலையில் வெந்நீருடன் ஏறத்தாழ ஒரு மணிநேரம் வைத்திருக்கும்போது, தானியத்திலுள்ள அமிலேசு நொதியங்கள் மாப்பொருளை உடைக்கின்றன. அவ்வாறு பிறக்கும் வெல்லங்களுள் மோல்ற்றோசு முதன்மையானது. வடித்தெடுத்த இனிய சாற்றை ஆங்கிலத்தில் வோர்ட் என்பர். இங்கு மோல்ற்சாறு என்போம். அது ஹொப் பூவுடன் கொதிக்கவைத்து ஆற்றப்பட்டபின் மதுவம் இடப்படும். மதுவம் இடுவதற்குச் சற்று முன் எடுக்கும் வாசிப்பே தொடக்கத் தன்னீர்ப்பு.

இவ்விடத்திற் கருவியின் எல்லை ஒன்று கவனிக்கப்படுதல் வேண்டும். நீரமானி வெல்லத்தை அளப்பதில்லை, அடர்த்தியையே அளக்கின்றது. மதுவம் உண்ணக்கூடிய மோல்ற்றோசு, அது உண்ணமாட்டாத டெக்ஸ்திரின், புரதம், உப்பு ஆகிய யாவும் அதற்கு ஒன்றே. ஊறவைத்த வெப்பநிலை சற்று உயர்ந்தால் டெக்ஸ்திரின் மிகும்; இருவேறு சாறுகள் ஒரே எண்ணைக் காட்டியும் வெவ்வேறு பியர்களாக முடியலாம்.

இச்சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வாக, கரைந்திருப்பதெல்லாம் சுக்குரோசு எனக் கொண்டு நூற்றுவீதத்தைக் கணிக்கும் அட்டவணையைப் பிராக் நகரின் இரசாயனப் பேராசிரியர் கார்ல் பலிங் 1843 இல் வெளியிட்டார். 1900 இல் ஜேர்மனியில் பிரிற்சு பிளாட்டோவின் பெயரால் அது மேலும் திருத்தமாக வகுக்கப்பட்டது. 1.045 என்னும் தன்னீர்ப்பு ஏறத்தாழ 11.2 பாகை பிளாட்டோவுக்குச் சமன். நூறு கிராம் சாற்றில் 11.2 கிராம் கரைபொருள் என்பது பொருள். செக் நாட்டின் மதுச்சாலைகளில் இன்றும் வாடிக்கையாளர் 'பத்து' எனவும் 'பன்னிரண்டு' எனவும் எண்ணைச் சொல்லியே பியர் கேட்பர். அவை பலிங்கின் மரபில் வந்த பாகைகளே. ஆய்வுகூடத்தின் எண் அங்கே அன்றாடப் பேச்சுமொழியாகிவிட்டது.

வீட்டிற் பியர் ஆக்குபவருக்கு இவ்வெண் முதலிற் சொல்வது, தானியத்திலிருந்து எவ்வளவு பெறப்பட்டது என்பதாகும். 4.5 கிலோகிராம் வெளிறிய மோல்ற்றிலிருந்து 1.045 தன்னீர்ப்புடைய சாறு 23 லீற்றர் கிடைத்ததாகக் கொள்வோம். 23 ஐ 45 ஆற் பெருக்க 1035 லீற்றர்-புள்ளிகள். கிலோகிராம் ஒன்றுக்கு 230. நல்ல வெளிறிய மோல்ற்றிலிருந்து ஆய்வுகூடத்தில் ஏறத்தாழ 300 பெறலாம். ஆகவே நாம் பெற்றது நாலிலே மூன்று பங்குக்குச் சற்று மேல். மிகுதி, நொறுக்கப்படாத மணியிலும் கழுவப்படாத சக்கையிலும் தங்கிவிட்டது. அடுத்தமுறை எதைத் திருத்தலாம் என்பதற்கு இக்கணக்கு வழிகாட்டும். நாவின் சுவை இதனைச் சொல்லாது.

3. அளக்கும் முறையும் வழுக்களும்

கருவி எளிதாயினும் வாசிப்பு எளிதன்று. வழுக்கள் பலவற்றுள் முதன்மையானது வெப்பநிலை. இன்றைய நீரமானிகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசிலும், பழைய பிரித்தானியக் கருவிகள் 60 பாகை பரனைற்றிலும் அளவுகோடிடப்பட்டவை. சாறு சூடாக இருப்பின் விரிந்து அடர்த்தி குறையும்; வாசிப்பும் குறையும். 20 பாகைக்கு அமைந்த கருவி 30 பாகைச் சாற்றில் ஏறத்தாழ 0.0025 உம், 40 பாகையில் 0.006 உம் குறைத்துக் காட்டும். கொதிநிலைக்கு அருகில் இக்குறை 0.040 அளவாகும். அந்நிலையில் 1.045 தன்னீர்ப்புடைய சாறு ஏறக்குறைய வெறுநீர் போலத் தோன்றும். அத்துணைப் பெரிய வழுவை அட்டவணை கொண்டு திருத்த முயல்வதிலும் மாதிரியை ஆறவிட்டு அளப்பதே முறை. சூட்டினாற் கண்ணாடி வெடிக்கும் அபாயமும் அவ்வாறு தவிர்க்கப்படும்.

இரண்டாவது, சாறு சீராகக் கலந்திராமை. செறிந்த மோல்ற்பாகைக் கரைத்து மேலே தண்ணீர் ஊற்றுவோர், நன்கு கலக்காதுவிடின் செறிந்த பகுதி அடியிலும் நீர்த்த பகுதி மேலிலும் படைகளாக நிற்கும். மேலிருந்து எடுத்த மாதிரி குறைந்த எண்ணையும், அடிக்குழாயால் எடுத்த மாதிரி கூடிய எண்ணையும் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, மாதிரியே பொய்யானது.

மூன்றாவது, வாயுக் குமிழிகள். நொதிக்கும் திரவத்திலுள்ள காபனீரொட்சைட்டு கருவியின் உடலிற் குமிழிகளாக ஒட்டி அதனை மேலே தூக்கும். உண்மையிலும் கூடிய எண் தோன்றும். மாதிரியை இரு பாத்திரங்களுக்கிடையே சிலமுறை மாற்றி ஊற்றியும், கருவியை விரல்களாற் சுழற்றிவிட்டும் இவ்வழுவை நீக்கலாம்.

நான்காவது, கண்ணின் நிலை. பரப்பிழுவிசையால் திரவம் தண்டைச் சுற்றிச் சற்று ஏறிப் பிறையுருவாக நிற்கும். கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கி, பெரும்பாலான கருவிகளிற் பிறையுருவின் அடிமட்டத்தையே வாசித்தல் வேண்டும். கருவி சாடியின் சுவரைத் தொடாது மிதத்தலும் அவசியம். கருவியையே ஐயுற வேண்டுமாயின், குறித்த வெப்பநிலையில் வடித்த நீரில் அது 1.000 காட்டுகின்றதா எனச் சோதிக்கலாம்; நூறு கிராம் கரைசலிற் பத்துக் கிராம் சீனி இருக்குமாறு கரைத்தால் 1.040 காட்ட வேண்டும். அளந்த மாதிரியை மீண்டும் பெரும் பாத்திரத்தில் ஊற்றுதல் ஆகாது. அந்நிய நுண்ணுயிர்கள் அதன்வழி புகும். அதனைச் சுவைத்துப் பார்ப்பதே சிறந்தது. எண்ணும் நாவும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

4. இரு வாசிப்புகளுக்கிடையே

மதுவம் இட்டபின் எண் நாளுக்கு நாள் இறங்கும். வெல்லம் எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகின்றது. வாயு வெளியேறுகின்றது, நீரிலும் அடர்த்தி குறைந்த எதனோல் தங்குகின்றது. ஒன்று இரண்டு வாரங்களில் எண் 1.010 அளவில் நிலைத்து நிற்பதாகக் கொள்வோம். தொடக்கத்துக்கும் இறுதிக்குமிடையேயான வேறுபாடு 0.035. இதனை 131 ஆற் பெருக்கக் கிடைக்கும் 4.6, பியரிலுள்ள அற்ககோலின் கனவளவு நூற்றுவீதத்தை ஏறத்தாழத் தரும்.

இங்கேதான் எமது கட்டுரையின் மையக் கருத்து பௌதிக உருவில் நிற்கின்றது. 1.010 என்னும் இறுதி வாசிப்பு தனித்து நின்று அற்ககோல் பற்றி எதனையும் சொல்லாது. மிகச் செறிந்த சாறு நொதித்தும் 1.010 இல் நிற்கலாம். நீர்த்த சாறு சிறிதே நொதித்தும் அவ்வெண்ணில் நிற்கலாம். நொதியாத மென்சாறும் அதே எண்ணைக் காட்டலாம். எஞ்சிய கரைபொருள் எண்ணை உயர்த்துகின்றது. பிறந்த அற்ககோல் அதனைத் தாழ்த்துகின்றது. இரு எதிர்விளைவுகளும் ஒரே எண்ணுள் மறைந்துவிடுகின்றன. தொடக்க வாசிப்பைக் குறித்துவைத்தவருக்கு மட்டுமே இறுதி வாசிப்பு பொருள் தரும்.

மறைவின் அளவையும் கணித்துக் காட்டலாம். 45 புள்ளிகளில் 35 இறங்கியமையால் 78 நூற்றுவீதம் நொதித்துவிட்டது போலத் தோன்றும். இது தோற்ற நொதிப்பு. ஆயின் அற்ககோல் எண்ணைத் தாழ்த்தியுள்ளது. பலிங்கின் முறைப்படி திருத்திப் பார்த்தால், 11.2 பாகையில் எஞ்சியது தோன்றுமாறு 2.6 அன்று, ஏறத்தாழ 4.2. உண்மை நொதிப்பு 63 நூற்றுவீதமே. எண்ணை வாசித்தல் வேறு, பொருளை விளங்குதல் வேறு என்பதற்கு இதனிலும் தெளிந்த உதாரணம் அரிது.

இவ்வளவையைச் சார்ந்தே வீட்டிற் பியர் ஆக்குபவரின் பாதுகாப்பும் உள்ளது. நொதித்தல் முடியுமுன் போத்தலில் அடைப்பின் வாயு வெளியேற வழியில்லை. 1.010 இல் நிற்கவேண்டிய பியரை 1.015 இல் அடைத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராம் வெல்லம் போத்தலுள் நொதிக்கும். அதிலிருந்து பிறக்கும் காபனீரொட்சைட்டு 5 கிராம். சாதாரண அமுக்கத்தில் இரண்டரை லீற்றர் கனவளவு. நுரைக்கென வேண்டுமென்றே சேர்க்கும் சீனியே பொதுவாக லீற்றருக்கு 5 முதல் 7 கிராம் வரைதான். இரண்டும் சேரின் போத்தல் வெடிக்கலாம். சிதறும் கண்ணாடியாற் கண்ணிழக்கவும் நேரலாம். குமிழி எழுவது நின்றுவிட்டது என்பது போதிய சான்றன்று. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த வாசிப்புகள் மாறாது நிற்றலும், நிற்கும் எண் எதிர்பார்த்ததற்கு அண்மையில் இருத்தலுமே சான்றாகும்.

வெல்லத்தின் ஒளிமுறிவைக் கொண்டு ஒரு துளியிலேயே செறிவறியும் முறிவுமானியும் இன்று வழக்கிலுண்டு. அற்ககோல் பிறந்தபின் அதன் வாசிப்பும் திருத்தமின்றிப் பயன்படாது. நொதிகலத்துள் மிதந்தவாறே தன்னீர்ப்பைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் இலத்திரனியல் மிதவைகளும் வந்துள்ளன. தொடக்க வாசிப்பின்றி இறுதி வாசிப்புப் பேசாது என்னும் உண்மையை எக்கருவியும் மாற்றிவிடவில்லை.

5. ஆலையிற் புகுந்த கருவி

மத்தியகால இங்கிலாந்தில் வீட்டுக்கும் அயலுக்கும் பியர் ஆக்கியோர் பெரும்பாலும் பெண்களே. நீரமானி வருமுன்னரே அத்தொழில் அவர்கள் கையினின்று பெரும்பகுதி நீங்கி, மூலதனமும் சங்கங்களும் உடைய ஆடவர் கைக்கு மாறிவிட்டது. ஆதலால் கருவிதான் வீட்டுத் தொழிலை அழித்தது எனக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. உற்பத்தியின் பரிமாணம் பெருகியபோதுதான் கருவிக்குத் தேவை எழுந்தது.

மைக்கல் கொம்புறூன் 1762 இல் வெளியிட்ட நூலில் பியர் ஆக்கத்துக்கு வெப்பமானியை முறையாகப் பயன்படுத்தினார். அடுத்து, ஹாம்சயரின் ஓல்ற்றன் ஊரைச் சேர்ந்த ஜேம்சு பாவெர்ஸ்ரொக் என்னும் இளைஞர் 1760களின் இறுதியில் நீரமானியைச் சாற்றிலிட்டு அளக்கத் தொடங்கினார். பழைய முறையிற் பயின்ற தந்தையார் அதனை விரும்பவில்லை. இலண்டனின் பெரும் ஆலையுரிமையாளரான சாமுவேல் விற்பிறெட்டும் அதனைப் பொருட்படுத்தவில்லை. இன்னோர் ஆலையுரிமையாளரான ஹென்றி திறேல் ஊக்கமளித்தார். 1784 இல் ஹல் நகரின் ஜோன் றிச்சட்சன், இக்கருவிக்கு வெல்லமானி எனப் பொருள்படும் பெயரிட்டு அதன் பயன்பாடு பற்றிய நூலை வெளியிட்டார்.

றிச்சட்சனின் அளவுகோல் காட்டியது விகிதத்தை அன்று. ஒரு பீப்பாய்ச் சாறு ஒரு பீப்பாய் நீரிலும் எத்தனை இறாத்தல் மிகையாக நிறுக்கும் என்பதையே. பிற்காலத்து 36 கலன் பீப்பாய் கொண்டு இதனை விளக்கலாம். அத்தனை நீர் 360 இறாத்தல். சாறு 380 இறாத்தல் நிறுப்பின் மிகை 20. தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.0556. இவ்வளவைமுறை தற்செயலானதன்று. ஆலையுரிமையாளருக்கு வேண்டியது பௌதிக விகிதமன்று. தாம் வாங்கிய மோல்ற்றின் விலைக்கு எவ்வளவு சாரம் கிடைத்தது என்னும் கணக்கே. விற்பிறெட்டின் ஆலை 1796 இல் இரண்டு இலட்சம் பீப்பாய்க்கு மேல் உற்பத்தி செய்தது. பீப்பாய்க்கு ஓர் இறாத்தல் வேறுபாடு அங்கே ஆண்டுக்கு இரண்டு இலட்சம் இறாத்தல். அத்தகைய ஆலையில் இக்கருவி பெருஞ்செல்வத்தின் காவலன்.

அதன் முதல் விளைவும் குறிப்பிடத்தக்கது. இலண்டனின் கரிய போர்ட்டர் பியர் கபில மோல்ற்றிலிருந்து ஆக்கப்பட்டது. அது மலிவானது எனக் கருதப்பட்டது. கருவி கொண்டு அளந்தபோது, விலைகூடிய வெளிறிய மோல்ற்றே கூடுதலான சாரம் தருவது தெரியவந்தது. ஆலைகள் வெளிறிய மோல்ற்றுக்கு மாறின. இழந்த நிறத்துக்கு எரித்த சீனி முதலியன சேர்க்கப்பட்டன. 1816 இல் நிறமூட்டிகள் தடைசெய்யப்பட, 1817 இல் டானியல் வீலர் மோல்ற்றையே கருக வறுக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். மக்கள் குடித்த பானத்தின் உட்பொருள் முற்றாக மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

6. அரசின் ஏடும் குடிப்போர் கிண்ணமும்

கருவியை அரசும் விரைவிற் கைக்கொண்டது. வடித்த மதுவுக்கு வரி விதிக்க சைக்சின் நீரமானி 1816 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. அம்முறை குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. எமது நாட்டின் மதுவரிப் பதிவுகளிற் சாராயம் 'புறூஃப்' அளவில் எழுதப்பட்டு வந்தமை அம்மரபின் எச்சமே.

பியரைப் பொறுத்தவரை திருப்புமுனை 1880. பிரதமர் கிளாட்ஸ்ரன் மோல்ற் மீதான வரியை நீக்கி, சாற்றின் தன்னீர்ப்பு மீது வரி விதித்தார். 1057 தன்னீர்ப்புடைய 36 கலன்களுக்கு 6 சிலிங் 3 பென்சு. 1889 இல் அடிப்படை 1055 ஆகத் தாழ்த்தப்பட்டது. 1.0275 தன்னீர்ப்புடைய பீப்பாய் இவ்வகையில் அரைப் பீப்பாயாகவே கணிக்கப்படும். ஆலையுரிமையாளர் சாற்றின் அளவையும் தன்னீர்ப்பையும் ஏட்டிற் பதிய, மதுவரி அலுவலர் நொதித்தல் தொடங்குமுன் அதனைச் சரிபார்ப்பார். தொடக்க வாசிப்பு இப்போது அரசின் சொத்தாகிவிட்டது.

எதற்கு வரி விதிக்கப்படுகின்றதோ அது குறையும் என்பது பொருளியலின் பழைய பாடம். முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914 ஆம் ஆண்டின் நவம்பரில் வரி 7 சிலிங் 9 பென்சிலிருந்து 23 சிலிங்காக உயர்த்தப்பட்டது. தானியப் பற்றாக்குறையும் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ள, போருக்கு முன் 1050 இற்கு மேலிருந்த சராசரித் தன்னீர்ப்பு 1918 இல் 1030 அளவுக்கு வீழ்ந்தது. தொழிலாளர் கூடிய விலை கொடுத்து மென்பியர் குடித்தனர். கையில் வந்தது இறுதிப் பொருள் மட்டுமே. தொடக்க எண் ஆலையின் ஏட்டிலும் அரசின் ஏட்டிலும் இருந்தது. பணம் கொடுத்தவருக்கு அது சொல்லப்படவில்லை.

இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. 1971 இல் தோன்றிய கம்றா என்னும் நுகர்வோர் இயக்கம், பியர்களின் தொடக்கத் தன்னீர்ப்பைத் தனது வழிகாட்டி நூல்களில் வெளியிட்டு வந்தமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது. அற்ககோல் வீதத்தை முகப்புச் சீட்டிற் குறித்தல் 1987 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரையை அடுத்தே கட்டாயமாயிற்று. 1993 இல் பிரித்தானியா தொடக்கத் தன்னீர்ப்பு வரியைக் கைவிட்டு, இறுதிப் பொருளின் அற்ககோல் வீதத்துக்கே வரி விதிக்கலாயிற்று.

வீட்டிற் பியர் ஆக்குவோரும் 1880 முதல் அனுமதிப்பத்திர முறைக்கு உட்பட்டிருந்தனர். 1963 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அதனை நீக்கினார். விற்பனைக்கன்றிச் சொந்தப் பாவனைக்கு எவரும் ஆக்கலாம் என்றாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் நீங்கியபின்னும் வீட்டுப் பியருக்குச் சமஷ்டி அனுமதி கிடைக்கவில்லை. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டம் 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, தனியொருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன்களையும், வயது வந்தோர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டுக்கு 200 கலன்களையும் வரியின்றி அனுமதித்தது. மாநிலங்களுள் இறுதியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 இல் இணங்கின. ஆலையுரிமையாளரின் பணக்கணக்குக்கும் அரசின் வரிக்கணக்குக்கும் உழைத்த கருவி, இம்மாற்றங்களின் பின் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

7. முடிவுரை

வீட்டிற் பியர் ஆக்குபவர், நாம் கண்ட எல்லோரினின்றும் ஒருவகையில் வேறுபடுகின்றார். தொடக்க வாசிப்பும் இறுதி வாசிப்பும், அவற்றின் பதிவும் அவர் ஒருவரிடமே இருக்கின்றன. அவரே ஆக்குகின்றார், அவரே அளக்கின்றார், அவரே அருந்துகின்றார். உற்பத்தியாளர், அளப்பவர், நுகர்வோர் எனப் பிரிந்துபோன மூவர் மீண்டும் ஒருவராகின்றனர். இதனைப் பெரும் சமூக மாற்றமெனக் கொள்வது மிகையாகும். வசதியுள்ள நாடுகளின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கே இது. எனினும் அறிவு முழுமை பெறுவதற்கான நிபந்தனை எது என்பதைச் சிறிய அளவிற் காட்டுகின்றது.

அந்நிபந்தனை எமக்கும் தொலைவானதன்று. இதே கருவி வேறு பெயர்களில் எமது நாட்டின் உழைப்பிடங்களில் நாள்தோறும் மிதக்கின்றது. பால் சேகரிக்கும் இடங்களிற் பால்மானியாகவும், இறப்பர்த் தோட்டங்களிற் பாலின் இறப்பர்ச் செறிவை அறியும் மெற்றோலக் ஆகவும், உப்பளங்களில் உவர்நீரின் பாகையை அறியும் மானியாகவும் அது விளங்குகின்றது. பாலில் நீர் சேர்ப்பின் எண் தாழும். ஆடை நீக்கின் எண் உயரும். இரண்டும் ஒருங்கே நிகழின் எண் மாறாது நிற்கலாம். இங்கும் ஒரே எண்ணுள் இரு மாற்றங்கள் மறைகின்றன. வெப்பநிலையைத் திருத்தாது வாசித்தால், வெயிலில் நின்ற பாற்குடத்துக்கு உரியவர் குற்றமின்றியே குறைந்த எண் பெறுவார். அவ்வெண்ணைக் கொண்டு அவருக்குரிய பணம் தீர்மானிக்கப்படும்போது, அந்த இரண்டு மூன்று புள்ளி வேறுபாடு பௌதிக வழுவாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

எனவே அளவுக்கருவி நடுநிலையானதா, அதிகாரத்தின் கையாளா எனப் பொதுப்படக் கேட்பதிற் பயனில்லை. மேலுதைப்பின் விதி எவர் பக்கமும் சாய்வதில்லை. கேட்கவேண்டியவை குறிப்பானவை: வாசிப்பு எடுக்கப்படும்போது உழைத்தவர் உடனிருக்கின்றாரா? வெப்பநிலை குறிக்கப்பட்டதா? முதல் வாசிப்பு எங்கே பதியப்பட்டுள்ளது? அதனைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா? பிறையுருவின் அடிமட்டத்தை வாசிக்கப் பாடசாலையிற் கற்பிக்கும் நாம், இவ்வினாக்களையும் அதே பாடத்தின் பகுதியாகக் கற்பித்தல் வேண்டும்.